சுபேதார் மேஜருக்குத் தாடி முளைத்த நாள்

பிரஷ்ஷை நாக்கில் வைத்துக் கூராக்காதீர்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் அதைத்தான் செய்தேன். ஆகவே இதைச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. தகுதியில்லாத அறிவுரையை முதலிலேயே சொல்லி முடித்துவிட்டால் மீதியை நிம்மதியாகப் பேசலாம்.

சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் புனேவுக்கு வந்து, கட்டைவிரல் உயரப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் இந்த விநோதமான தொழிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டியிருக்கிறீர்கள். வெயிலைப் போல வெளிச்சம் தரும் விளக்கு வைத்திருக்கிறீர்கள். போன வாரம் நான் உங்கள் பட்டறைக்கு வந்தபோது, உங்களுக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுங்கள் ஆன்ட்டி என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி கெட்ட பழக்கங்கள். அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்த நாக்கு விஷயத்தை முடித்துவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் முழுக்க ஒரு படைப்பிரிவின் சீருடைகளுக்குப் பச்சை தீட்டியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நான் தேநீரைக் கொடுத்துவிட்டுச் சிரித்தேன். மாப்பிள்ளையின் அம்மா என் வாயையே பார்த்துவிட்டு, பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா என்று என் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். அந்த இடம் அமையவில்லை. அடுத்த வருடம் வந்தவருக்குப் பச்சையும் சிவப்பும் பிரித்துத் தெரியாது. அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

எங்கள் பட்டறை வானவடியில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருந்தது. வாடகை குறைவு என்பதால் முதலாளி பிடித்த இடம். கீழே கோதுமை அரைக்கத் தொடங்கினால் மேலே மேசை அதிரும். ஈயத்தில் வார்த்த சிப்பாய் மேசை மேல் தானாக நடந்து போவான். அப்படிப்பட்ட மேசையில் முழங்கையை ஊன்றி மீசை வரைந்தால், மீசை காது வரைக்கும் போய்விடும். நிறையப் பேருக்கு அப்படிப் போயிருக்கிறது.

வேறு வழியில்லாமல்தான் நான் கையை மேசையிலிருந்து எடுத்தேன். காலியான பிலிம் ரோல் டப்பாவின் தலையில் பொம்மையை மெழுகு வைத்து நிறுத்தி, அதை இடது கையில் பிடிப்பேன். பிரஷ் வலது கையில். இரண்டு மணிக்கட்டுகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு சுண்டு விரல்களையும் கோத்துக்கொண்டு, மொத்தத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன். பார்க்கிறவர்களுக்கு நான் ஜெபம் செய்வது போல இருக்கும். கை ஆடினால் பொம்மையும் அதோடு சேர்ந்து ஆடும். இரண்டும் சேர்ந்து ஆடினால் கோடு நேராக விழும். இதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததாகப் புதியவர்களிடம் பல வருடம் சொல்லி வந்தேன். உண்மையில் ஒரு நாள் மேசையில் இடமில்லை, அவ்வளவுதான்.

வண்ணம் குழைக்க என் தட்டு இடது கட்டைவிரல் நகம். ஒரு சொட்டு போதும், கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். அதே கையால் சப்பாத்தி சாப்பிட்டிருக்கிறேன். அதையும் நீங்கள் செய்ய வேண்டாம்.

இனி நான் சொல்ல வந்தது. என் கர்வம் கண்கள். பொம்மைகளின் கண்கள். மற்றவர்கள் ஒரு கறுப்புப் புள்ளியோடு விட்டுவிடும் இடத்தில் நான் வெள்ளை வைத்து, அதற்குள் பழுப்பு வைத்து, அதற்குள் கறுப்பு வைத்து, கடைசியில் ஊசி முனையால் ஒரு மினுக்கமும் வைப்பேன். யாராவது பட்டறைக்கு வந்தால் லென்ஸை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் ஆச்சரியப்படும் வரை பக்கத்திலேயே நிற்பேன். ஆச்சரியப்படாவிட்டால் லென்ஸைத் துடைத்து மறுபடியும் கொடுப்பேன்.

என்னோடு வேலை பார்த்தவள் சுலபா. என் வயதுதான். மராட்டிப் பெண். பொம்மை நிற்கும் பீடம், புல், சேறு, பூட்ஸ் எல்லாம் அவள் பொறுப்பு. உன் சிப்பாய்கள் எல்லோரும் பேயைப் பார்த்தவர்கள் மாதிரி நிற்கிறார்கள் என்று அவள் ஒரு முறை சொன்னாள். புல் வரைகிறவளுக்குக் கண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, மதியச் சாப்பாட்டுக்கு அவள்தான் பாக்கர்வடி கொண்டு வருவாள்.

ஒரு மழைக்காலத்தில், ராணுவத்திலிருந்து ஒரு இளம் கேப்டன் போட்டோவோடு வந்தார். அவர்களுடைய சுபேதார் மேஜர் ஓய்வு பெறுகிறார். படைப்பிரிவின் ஜவான்கள் எல்லோருக்கும் மூத்தவர், கேப்டனே அவரிடம்தான் அணிவகுப்பு நுணுக்கங்களைக் கற்றவர். பொள்ளாச்சிப் பக்கத்துத் தமிழர். பிரியாவிடை விருந்தில் அவருடைய உருவத்தையே சிறிய பொம்மையாகப் பரிசளிக்க வேண்டும். முகம் அப்படியே இருக்க வேண்டும், மற்றது உங்கள் இஷ்டம் என்று கேப்டன் சொல்லிவிட்டுப் போனார்.

போட்டோ ஏதோ ஸ்டூடியோவில் எடுத்தது. முறுக்கிய மீசை, மார்பில் பதக்கங்கள், இரண்டு பெரிய கண்கள். அந்தக் கண்களைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் வாழ்நாளின் சிறந்த இரண்டு கண்களை அந்தப் பொம்மைக்குத் தீட்டினேன். லென்ஸில் பார்த்தால் கண்ணிமை முடி தெரியும். முதலாளிகூட ஒன்றும் சொல்லாமல் லென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அது பாராட்டு.

கடைசியாக முகத்துக்கு வார்னிஷ் போட்டேன். புனேவில் ஆடி மாத மழை உங்களுக்குத் தெரியும். துவைத்த துணியே வாரக்கணக்கில் ஈரம் விடாது, வார்னிஷ் எங்கே காயும். பெட்டியில் வைக்கும் முன் காய்ந்துவிட்டதா பார் என்று சுலபா கேட்டாள். நானும் தொட்டுப் பார்த்தேன். எங்கே தொட்டேன் என்றால், பீடத்தின் அடியில். அங்கே வார்னிஷ் போடவே இல்லை. முகத்தைத் தொட்டால் என் கண்கள் கெட்டுவிடுமே. காய்ந்துவிட்டது என்று சொல்லி, பஞ்சு சுற்றி, வெல்வெட் பெட்டியில் வைத்து மூடினேன்.

விருந்துக்குக் கேப்டன் எங்கள் இருவரையும் அழைத்திருந்தார். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். கைப்பையில் பவுடர், சீப்பு, கைக்குட்டை. பிரஷ் ஒன்றாவது எடுத்துக்கொள்ளேன் என்று சுலபா சொன்னாள். விருந்துக்குப் போகும்போது யாராவது சட்டியும் கரண்டியும் எடுத்துப் போவார்களா என்று கேட்டேன். அவளுடைய கைனெட்டிக் ஸ்கூட்டரின் பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அன்று மழை விட்டு நல்ல வெயில்.

ராணுவ மெஸ்ஸில் கேப்டன் எங்களைச் சமையலறைக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறைக்கு அழைத்துப் போனார். மேடைக்குப் போகும் முன் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றார். நான் மெதுவாக, கொஞ்சம் நாடகத்தனமாகவே, பெட்டியைத் திறந்து பஞ்சை விலக்கினேன்.

பஞ்சு முழுக்க விலகவில்லை. சுபேதார் மேஜருக்கு நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடி முளைத்திருந்தது. புருவமும் வெளுத்திருந்தது. சீருடை போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா மாதிரி நின்றார்.

கேப்டன் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும். இது எடுத்தால் வந்துவிடுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். சுலபா வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். நான் அதன் முனையால் பஞ்சை இழுத்தேன். பஞ்சோடு வார்னிஷும், வார்னிஷோடு வண்ணமும் உரிந்து வந்தன. மூக்கு போனது, கன்னங்கள் போயின, என் வாழ்நாளின் சிறந்த இரண்டு கண்களும் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தன. மீசையும் தொப்பியும் மட்டும் பிழைத்தன. நடுவில் வெறும் ஈயம் சாம்பல் நிறத்தில் பளபளத்தது.

வெளியே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பெட்டியை மூடியபடியே கொடுத்துவிட்டு நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாமா என்று கேப்டன் யோசித்தார். ஆனால் சுபேதார் மேஜரும் மனைவியும் மறுநாளே ஊருக்கு ரயில் ஏறுகிறார்கள். அதோடு, அத்தனை பேர் முன்னால் ஒரு மனிதரிடம் பெட்டியைக் கொடுத்துத் திறக்காதீர்கள் என்று எப்படிச் சொல்வது. எனக்கோ பின்வாசல் எங்கே இருக்கிறது என்ற ஒரே யோசனைதான். சுலபாதான் என் கைப்பையை வாங்கி மேசை மேல் கவிழ்த்தாள். அதில் இருந்தது பவுடர் டப்பா.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. முகத்துக்குப் போடும் பவுடர் முகத்தின் நிறம்தானே. பூட்ஸ் பாலிஷ் கிடைக்குமா என்று கேப்டனிடம் கேட்டேன். ராணுவத்தில் பாலிஷுக்குப் பஞ்சமா? பழுப்பிலும் கறுப்பிலும் டப்பாக்கள் வந்தன. சாப்பாட்டு மேசைக்கு வைத்திருந்த பல்குத்தும் குச்சிகளை எடுத்து, முனையை வேப்பங்குச்சி மாதிரி மென்று நாராக்கினேன். கட்டைவிரல் நகத்தில் பழுப்பு பாலிஷைத் தேய்த்து, பவுடரைத் தூவிக் குழைத்தேன். மணிக்கட்டுகளை ஒட்டி, சுண்டு விரல்களைக் கோத்து, பட்டுப்புடவையோடு அணைத்துக்கொண்டேன். என் கை மாவு மில்லைவிட மோசமாக ஆடியது. பொம்மையும் கூடவே ஆடியதால் கோடு நின்றது.

கன்னம் வந்தது. மூக்கின் ஓரத்தில் கொஞ்சம் கூடுதல் பழுப்பு வைத்ததும் மூக்கு வந்தது. நடுநடுவே பழக்கதோஷத்தில் குச்சியை நாக்கில் வைத்துக் கூராக்கினேன். பூட்ஸ் பாலிஷ் என்ன ருசி என்று உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. கண் இருக்க வேண்டிய இரண்டு குழிகளிலும் கறுப்பு பாலிஷால் ஒவ்வொரு மெல்லிய கோடு போட்டு நிறுத்தினேன். அது இமையின் நிழல், அதற்கு மேல் கண் வைக்க வேண்டும். வெள்ளைக்கு என்ன செய்வது?

பற்பசை கொண்டு வாருங்கள் என்றேன். கேப்டன் ஓடிப்போய்க் கொண்டு வந்தார். குச்சி முனையில் பற்பசையை எடுத்துக்கொண்டேன்.

“புரே, ஸ்டெல்லா,” என்றாள் சுலபா. போதும் என்று அர்த்தம்.

எனக்குப் போதவில்லை. கண்ணில்லாமல் என் பொம்மையா? கண்ணில்லாமல் கொடுத்தால் நான் யார்? வெளிச்சம் போதாமல் கதவைத் திறந்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் வெளியே புல்தரையில் அவரைப் பார்த்தேன்.

அதுவரை நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. மழை கழுவிய வெயிலில் நின்று வருகிறவர்களோடு கை குலுக்கிக்கொண்டிருந்தார். மீசை போட்டோவில் இருந்தபடியே. ஆனால் கண்களைக் காணவில்லை. வாழ்நாள் முழுக்க அணிவகுப்பு மைதானத்து வெயிலில் நின்ற மனிதருக்குக் கண்கள் இரண்டு கோடுகளாகச் சுருங்கியிருந்தன. யாரிடமாவது சிரித்தால் அந்தக் கோடுகளும் மறைந்துபோயின. ஸ்டூடியோக்காரன் கண்ணைத் திறங்க சார், இன்னும் திறங்க சார் என்று படுத்தியிருப்பான். அவர் திறந்த அந்த ஒரு கணத்தைத்தான் நான் வாரக்கணக்கில் உட்கார்ந்து தீட்டியிருக்கிறேன்.

கையிலிருந்த பொம்மையைப் பார்த்தேன். பாலிஷ் கோடுகள் இரண்டும் வெளியே நின்றவரின் கண்களாக இருந்தன. குச்சியில் இருந்த பற்பசை காய ஆரம்பித்தது. அதை வைக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பழகிய கை தானாகப் போகும். குச்சியைக் கீழே போட்டுவிட்டு, கை பழையபடி போய்விடாமல் இருக்க இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டேன். தொடாதீர்கள், ஈரம் என்று கேப்டனிடம் சொன்னேன். இனிமேல் எதையும் யாரும் தொட வேண்டாம் என்று சுலபா சொன்னாள்.

பரிசைக் கொடுத்தார்கள். கேப்டன் இந்தியில் நாலு வார்த்தை பேசி, தீட்டியவரும் உங்கள் தமிழ்நாட்டுக்காரர்தான் என்று என்னை முன்னால் தள்ளினார். சுபேதார் மேஜர் பொம்மையைப் பீடத்தோடு தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“பாலிஷ் வாசம் அடிக்குதுங்களே,” என்றார்.

அந்த இடத்தில் பொய் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை. வார்னிஷ் காயாதது, பஞ்சு ஒட்டியது, தாடி முளைத்தது, பவுடர், பல்குத்தும் குச்சி எல்லாவற்றையும் தமிழில் கொட்டிவிட்டேன். அவர் மனைவி பக்கத்தில் வந்து நின்று கேட்டார்.

“தாடியா? ஒருக்கா லீவுல வந்தப்ப தாடி உட்டதுக்கே நான் சோறு போடலீங்க,” என்றார் அந்த அம்மா.

சுபேதார் மேஜரின் கண்கள் மறைந்துபோயின. அவர் சிரிக்கிறார் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். “இத்தன வருசமா பூட்ஸுக்குத்தான் பாலிஷ் போட்டனுங்க. போற அன்னிக்கு மூஞ்சிக்கே போட்டு உட்டுட்டீங்களே, அம்மிணி.”

அந்த அம்மா பொம்மையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஸ்டேஷன்ல எறங்கி என்னையத் தேடறப்ப இப்படித்தானுங்க பார்ப்பாரு என்றார். யாரையும் பார்த்துச் சொன்ன மாதிரி இல்லை. நான் ஊர் விலாசம் கேட்டேன், புதிதாக ஒன்று தீட்டி அனுப்பிவிடுகிறேன் என்றேன். அந்த அம்மா வேண்டாம் என்று தலையசைத்து, பெட்டியை வாங்காமல், பொம்மையை மட்டும் முந்தானையால் வெயில் படாமல் மறைத்துக்கொண்டார். பாலிஷ் உருகிவிடுமே என்று பயம். அது காயவே காயாது, யாரும் முகத்தைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். விருந்தில் பிரியாணி பிரமாதம் என்று சுலபா சொன்னாள். எனக்கு அது பூட்ஸ் மாதிரி இருந்தது.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்குப் படிக்க நன்றாக இருக்கும். நடந்தது வேறு. கண்ணைப் பற்றிய கர்வம் போன இடத்தில் புதுக் கர்வம் வந்து உட்கார்ந்துகொண்டது. போட்டோவை நம்பாதே, ஆளைப் பார் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் நடத்தினேன். முதலாளிக்கே நடத்தினேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மழை முடிந்த பிறகு போசரியிலிருந்து ஒருவர் வந்தார். அங்கே சின்ன லேத் பட்டறை வைத்திருப்பவர். பெரிய உருவம். சட்டையில் கிரீஸ் கறை, சட்டைப் பையில் புகையிலைப் பொட்டலம். தன் மனைவியைப் பொம்மையாகச் செய்ய வேண்டும் என்று மராட்டியில் சொல்லி, கல்யாணத்தின்போது எடுத்த ஒரு போட்டோவை மேசை மேல் வைத்தார். நான் அதை ஒரு விரலால் திருப்பித் தள்ளினேன். போட்டோவைப் பார்த்து நான் தீட்டுவதில்லை, அவரை ஒரு நாள் இங்கே அழைத்து வாருங்கள், பேசிக்கொண்டிருக்கும்போது பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பெரிய நிபுணர் பேசும் தோரணையில் சொன்னேன்.

போன மழைக்கு முன்னாலேயே அவள் போய்விட்டாள் என்றார் அவர்.

கீழே மாவு மில் ஓடாதா என்று இருந்தது. அன்றைக்கென்று பார்த்துக் கரண்ட் இல்லை. சுலபா எழுந்து அவருக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டாள். நான் தள்ளிய போட்டோவை மெதுவாக என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மாலையும் கழுத்துமாக, யாரையும் பார்க்காமல், தலை குனிந்திருந்த ஒரு பெண். அதில் முகமே பாதிதான் தெரிந்தது.

எனக்கு அப்போது கேட்கத் தோன்றியது ஒன்றுதான். உங்கள் மனைவி உங்களை எப்படிப் பார்ப்பார் என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. படிப்பதற்கு மட்டும் கண்ணாடி போடுவாள், மற்றபடி பார்வை நன்றாகத்தான் இருந்தது என்றார். இல்லை, நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது உங்களை எப்படிப் பார்ப்பார் என்று மறுபடியும் கேட்டேன்.

அவர் எழுந்து, படிக்கட்டில் யாரும் வரவில்லை என்று எட்டிப் பார்த்துவிட்டு, கதவோரத்தில் போய் நின்றார். நிலையில் ஒரு தோளைச் சாய்த்தார். தாடையை உள்ளே இழுத்தார். ஒரு புருவம் மேலே போனது, உதடு ஒரு பக்கமாகச் சுழித்தது. நரைத்த மீசையும் கிரீஸ் சட்டையுமாக நின்ற அந்த ஆளின் முகத்தில் ஒரு பெண் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனாள். சுலபா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அந்தப் பெண்ணை அவர் முகத்தைப் பார்த்துத்தான் தீட்டினேன். கண்ணுக்கு வெள்ளை வைக்கவில்லை, மினுக்கமும் வைக்கவில்லை. வேலையெல்லாம் புருவத்தில் இருந்தது. தோளைச் சாய்க்க ஈயத்தைச் சூடாக்கி வளைக்க வேண்டியிருந்தது, அதை முதலாளி செய்து கொடுத்தார். வார்னிஷ் காய்ந்துவிட்டதா என்று முகத்திலேயே தொட்டுப் பார்த்தேன்.

அவர் வாங்க வந்த அன்று நான் லென்ஸை எடுத்துக் கொடுக்கவில்லை. பொம்மையை மேசையில் அவருக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். அவர் குனிந்து அந்தப் புருவத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த புகையிலைப் பொட்டலத்தை அவசரமாக எடுத்து, பேன்ட் பைக்குள் தள்ளினார்.